பள்ளம் தாண்டிய சொற்கள்

நேற்று மதியம் ஒரு இயந்திரத்தோடு சண்டை போட்டேன். சண்டை என்றால் நான் மட்டும்தான் போட்டேன்; அது கடைசிவரை மரியாதையாகவே பேசியது. எனக்கு எரிச்சலே அதுதான்.

வீட்டில் ஒரு பழைய டெலிபோன் இருக்கிறது. சுருள் வயர் வைத்தது. மனைவி ஆசைப்பட்டு வாங்கியது. அவள் போய்ச் சேர்ந்த பிறகு அதில் மணி அடித்ததாக எனக்கு நினைவில்லை. மகள் ஷார்ஜாவிலிருந்து செல்லில்தான் பேசுகிறாள், அதுவும் முகத்தைக் காட்டுங்க அத்தா, முகத்தைக் காட்டுங்க என்று. பேசாத போனுக்கு எதற்கு இணைப்பு, எடுத்துவிடலாம் என்று அதிலிருந்தே சேவை மையத்தைக் கூப்பிட்டேன். பதிவு செய்த ஒரு பெண் குரல், உங்கள் தேவையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றது. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி, கையை வாயருகே குவித்து, "டிஸ்" என்றேன். நிறுத்தினேன். காத்திருந்தேன்.

மன்னிக்கவும், புரியவில்லை என்றது அது.

இன்னும் உரக்க "டிஸ்" என்றேன். கீழ்வீட்டு ஜன்னல் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

எதற்காக நிறுத்தினேன் என்று எனக்கே பிறகுதான் உறைத்தது. மறுமுனை அந்த 'டிஸ்'ஸைத் திருப்பிச் சொல்லும், அதன் பிறகு 'கனெக்' அனுப்பலாம், அதுவும் திரும்பி வந்ததும் 'ஷன்' அனுப்பலாம் என்று நின்றிருக்கிறேன். எனக்கு மறந்துபோனது என் வாய்க்கு மறக்கவில்லை. எத்தனை வருஷமாகிறது. இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

எங்கள் அத்தாவுக்கு ஊட்டி மார்க்கெட் பக்கம் வர்க்கிக் கடை. நெய்யும் மாவும் அடுப்பில் சேர்ந்து வேகும் அந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன். கடையில் உட்காரச் சொன்னார்கள். நான்தான் டிகிரி படித்தவனாயிற்றே! வர்க்கி எடை போடுவதா என்று முறுக்கிக்கொண்டு, தேவர்சோலைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் சின்ன கிளார்க்காகப் போய்ச் சேர்ந்தேன். போன அன்று பிடித்த மழை ஒரு மாதம் விடவில்லை. சட்டை காயாது, தீக்குச்சி பற்றாது, காலில் அட்டை ஏறினால் ரத்தம் சொட்டிய பிறகுதான் தெரியும். குவார்ட்டர்ஸில் நான் ஒருவன். ஆபீசில் தலைமைக் கிளார்க்கான பெரிய கிளாக்கரும் நானும். பெரிய கிளாக்கர் பேசுகிற மனிதர் இல்லை, இருமுகிற மனிதர். வர்க்கி எடை போட்டிருந்தால் நாலு பேர் முகமாவது பார்த்திருக்கலாம் என்று முதல் வாரமே தோன்றிவிட்டது. வீட்டுக்கு எழுதுவேனா? மானம் தடுத்தது.

இடம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் ஒரு மலையில். டீ பேக்டரி எதிர்மலையில். நடுவே பள்ளம், அதன் அடியில் ஓடை. கண்ணுக்கு மிகவும் கிட்டம்; பேக்டரி வாசலில் நிற்பவர் குடை விரிப்பது தெரியும். ஆனால் ரோடு சுற்றிச் சுற்றிப் போகும். காலையில் கிளம்பிய தபால்காரன் திரும்பி வருவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். இரண்டு மலைக்கும் நடுவே, சவுக்கு மரங்களில் கட்டி இழுத்த ஒரு டெலிபோன் கம்பி உண்டு. ஆனி பிறந்து காற்று கிளம்பினால் அது முதல் வேலையாக அறுந்து விழும். லைன்மேன் வந்து கட்டுவார், மறுவாரம் விழும். கம்பி விழுந்த நாட்களில் அவசரச் செய்தியை வாயால்தான் அனுப்ப வேண்டும். ஆபீசுக்குப் பின்னால் ஒரு பாறை. அதில் ஏறி நின்று கத்துவது சின்ன கிளார்க்கின் வேலை. சேர்ந்த அன்று இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தமிழில் கத்திவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மேனேஜர் துரை இங்கிலீஷில் எழுதியதை இங்கிலீஷிலேயே சொல்ல வேண்டும், தமிழில் மாற்றிச் சொல்லி ஏதாவது ஆனால் பழி நம் தலையில் விழும் என்றார் பெரிய கிளாக்கர். அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

முதல் நாள், உரம் வந்திருக்கிறது என்று சொல்வதற்காக 'ஃபெர்டிலைசர்' என்று ஒரே மூச்சில் கத்தினேன். பள்ளம் அதை அப்படியே விழுங்கி, 'ஐஸ' என்று ஏதோ ஒரு எச்சத்தை எதிர்மலையில் துப்பியது. நீளமான சொல்லுக்கு அந்த ஊர் எதிரொலி எமன். முதல் அசையின் எதிரொலி திரும்பி வந்து மூன்றாவது அசையின் மேல் விழும். எல்லாம் கூழாகிவிடும். அதனால் சொல்லை வெட்ட வேண்டும். கல்லூரியில் படித்த தெம்பில் நான் வேர்ச்சொல்லைத் தனியாகவும் விகுதியைத் தனியாகவும் வெட்டி, "ஃபெர்டிலைஸ்" என்றேன், பிறகு "அர்" என்றேன். எதிர்மலையிலிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பை மட்டும் பள்ளம் ஒன்றும் செய்யவில்லை, முழுசாகவே வந்து சேர்ந்தது.

அவள்தான் தவமணி. பேக்டரி ஆபீசில் கொழுந்து எடைக்கணக்கு எழுதுகிறவள். சிலோனில் ஏதோ ஒரு தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி, ரயிலேறி, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பம். வீட்டில் அவளும் அவள் அப்பாவும்தான். அவர் கண் மங்கி, வேலையிலிருந்து நின்றுவிட்டார். இவளுக்கு டெம்பரரி வேலை. அதை வைத்துத்தான் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு அறை. வேலை போனால் அறையும் போகும். கன்ஃபர்மேஷன் வரும் வரும் என்று சொல்லியே பேக்டரியின் தலைமை ஆளான டீமேக்கர் அவளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

வெட்டுவதற்கு ஒரு முறை எங்களுக்குள் தானாக அமைந்தது. ஒரு மூச்சுக்கு ஒரு துண்டு. துண்டின் நடுவில் வாய் திறக்கும் ஒலி ஒன்று இருக்க வேண்டும். ஆ, ஓ, ஏ இருந்தால் பள்ளம் தாண்டும். வெறும் ஸ், ட், க் எல்லாம் ஓடையில் விழுந்துவிடும். ஃபெர், டி, லை, சர். இன், ஸ்பெக், ஷன். நான் ஒரு துண்டை அனுப்புவேன், அவள் அதைத் திருப்பிச் சொல்வாள். சரியாக இருந்தால் அடுத்தது. தவறென்றால் மறுபடி அதே. ஒரு சொல் கரை சேர ஒரு பீடி குடிக்கும் நேரம் ஆகும். நடுச்சரிவில் கொழுந்து எடுக்கும் பெண்கள், மழைக்குப் படங்குத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி இருப்பார்கள். சில சமயம் அவர்களும் கூடச் சேர்ந்து 'லை' என்பார்கள். அந்த மலையில் எனக்கென்று ரகசியம் எதுவும் கிடையாது.

முந்தக் கூடாது என்ற சட்டம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். டிரையர் மெஷினின் இன்ஸ்ட்ரக்ஷன் புத்தகத்தைத் துரை கேட்டிருந்தார். நான் துரை என்றேன். 'இன்ஸ்' என்றேன். அவ்வளவுதான், டீமேக்கருக்குப் போதுமாக இருந்தது. துரை இன்ஸ்பெக்ஷன் வருகிறார்! மீதிக்கு அவர் நிற்கவில்லை. நான் பாறையில் நின்று 'ட்ரக்', 'ட்ரக்' என்று கத்திக்கொண்டிருக்க, எதிரே ஆட்கள் சுண்ணாம்பு வாளியோடு ஓடுகிறார்கள். பேக்டரிப் பாதையின் இரண்டு பக்கமும் இருந்த கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். கொட்டுகிற மழையில்! அடிக்க அடிக்க அது வழிந்து, ஓடை பால் மாதிரி ஓடியது. தலைக்கு எண்ணெய் வைத்து, கோட்டு மாட்டி, சாயங்காலம் வரை வாசலில் நின்ற டீமேக்கரிடம் மறுநாள் தபால்காரன் போய் மெஷின் புத்தகத்தைக் கேட்டான். அன்றைக்குத்தான் தவமணி பள்ளத்தைத் தாண்டி எனக்கு ஒரு கட்டளை போட்டாள்.

"கிளாக்கரே, இனிமே சொல்லு முழுசா வர்ற வரைக்கும் யாரும் முந்தக் கூடாது. நானும் முந்த மாட்டேன், ஒங்களயும் முந்த விட மாட்டேன்."

தமிழில் சொன்னதால் ஒரே மூச்சில் வந்தது. கவனித்துப் பாருங்கள், தமிழை நாங்கள் வெட்டியதே இல்லை. பாதி வந்தாலே மீதி தெரிந்துவிடும். அதனால் வேலையெல்லாம் முடிந்ததும் அவள் கடைசியாக ஒன்று கேட்பாள். "சாப்டாச்சா?" நான் "ஆச்சுங்க" என்பேன். அதோடு அவள் உள்ளே போய்விடுவாள். இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் கேட்கிற கேள்விதான். ஆனால் அந்த மழைக்காலத்தில் என்னைப் பார்த்து அதைக் கேட்ட வாய் அது ஒன்றுதான். லைன்மேன் வந்து கம்பியைக் கட்டிவிட்டால் எனக்கு அன்று முகமே சரியிருக்காது. டெலிபோனில் டீமேக்கர்தான் பேசுவார். அவர் ஒரு நாளும் நான் சாப்பிட்டேனா என்று கேட்டதில்லை.

நேரில் அவளைப் பார்த்தது குறைவு. தேவர்சோலைச் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிரே வந்தாள். முகம் பார்த்து அடையாளம் தெரியவில்லை. மீன்காரரிடம் 'கொறச்சுத் தாங்க சேட்டா' என்று அவள் மலையாளமும் தமிழுமாகக் கேட்டபோது, குரல்தான் காட்டிக்கொடுத்தது. பக்கத்தில் போனேன். அவ்வளவு தூரம் கத்துகிறவள், கிட்டே வந்தால் முணுமுணுக்கிறாள். நானோ பழக்கத்தில் "எப்... படி... இருக்கீங்க" என்று துண்டு போட்டுவிட்டேன். மீன்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊட்டியிலிருந்து வந்த வர்க்கிப் பொட்டலம் என் பையில் இருந்தது, அதை எடுத்துக் கொடுத்தேன். அப்பாவுக்குப் பல் இல்லை, சாயத்தண்ணியில் நனைத்துக் கொடுப்பேன் என்று வாங்கிக்கொண்டாள். அவர்கள் வீட்டில் பால் சேர்க்காத டீக்குச் சாயத்தண்ணி என்று பெயர்.

பஸ் வரும் வரை கடை ஓரமாக நின்று பேசினோம். அனுப்பி அனுப்பி, சொல்லின் தலைத்துண்டை வைத்தே செய்தி நல்லதா கெட்டதா என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். 'டிஸ்' என்று வந்தால் ஏதோ ஒன்று கையை விட்டுப் போகப் போகிறது. டிஸ்மிஸ், டிஸ்பேட்ச், டிஸ்கவுன்ட் என்று விரல் மடக்கினாள். 'ரீ' வந்தால் போனது திரும்பி வரும், ரிட்டர்ன், ரீஃபண்ட். நான் அதற்கெல்லாம் காலேஜில் பெயர் உண்டு என்று ஆரம்பித்தேன். நல்ல வேளை, அவள் கேட்கவில்லை.

"எங்களுக்கும் கார்டுல 'ரீ' போட்டுத்தான் கிளாக்கரே அனுப்புனாங்க. ரீ-பேட்-ரி-யேட். திரும்பி வந்தவங்களாம். நான் இதுக்கு முன்ன இங்க வந்ததே இல்லியே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பஸ் ஏறும்போது இன்னொன்றும் சொன்னாள். கன்ஃபர்மேஷன் ஆர்டர் ஆபீசுக்குத்தான் முதலில் வரும். அந்தச் சொல்லை மட்டும் நான் அவசரப்படாமல், நிறுத்தி நிறுத்தி அனுப்ப வேண்டும், மலை முழுக்கக் கேட்க வேண்டும். சரி என்றேன். அன்று ராத்திரியிலிருந்து கன், ஃபர், மே, ஷன் என்று நான் குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன். நாலு துண்டிலும் வாய் திறக்கிறது, அருமையாகப் பள்ளம் தாண்டும். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்து என்ன ஆகப்போகிறது? பிடித்திருந்தது. ஆனால் மலை முழுக்கக் கேட்கும் இடத்தில் நின்றுகொண்டு அதை எந்த வாயால் சொல்ல! அந்த ஒரு சொல்லையாவது அழகாக அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஆடியில் மண் சரிந்து பேக்டரி ரோடும் அடைத்துக்கொண்டது. கம்பியும் விழுந்து கிடந்தது. அன்று காலை பெரிய கிளாக்கர் ஒரு துண்டுத்தாளை என் பக்கம் நகர்த்தினார். கம்பெனியிலிருந்து வந்த உத்தரவு. மூன்றே சொற்கள். படித்துவிட்டு, ரோடு திறந்ததும் நானே நடந்துபோய்ச் சொல்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். இந்த வாரச் சம்பளக் கணக்கு இன்றோடு முடிக்க வேண்டும், இன்றைக்கே சொல்லிவிடு என்றார். பிறகு இருமினார். அவர் கெட்டவர் இல்லை. எழுந்து வந்து எனக்குக் குடை பிடித்தார்.

பாறையில் ஏறினேன். மழை சற்று விட்டிருந்தது. எதிரே அவள் வாசலுக்கு வந்து கையை உயர்த்தினாள்.

டெம் என்றேன். டெம் என்றாள். ப, ர, ரி. எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தன. ஸ்டாஃப் என்றேன். திரும்பி வந்தது. பேக்டரி ஆபீசில் டெம்பரரி ஸ்டாஃப் என்று இருந்தது அவள் ஒருத்திதான். சரிவில் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் குரலில் ஒரு துள்ளல் ஏறியதை நான் கேட்டேன். கேட்கப் பொறுக்காமல் அடுத்ததை அனுப்பினேன்.

டிஸ்.

உயர்த்திய கையை அவள் இறக்கினாள். பிறகு "டிஸ்" என்று வந்தது.

அடுத்த துண்டு 'கன்'. அவள் இத்தனை நாளாகக் காத்திருந்த சொல்லின் தலைத்துண்டும் அதுவேதான். அதை எப்படியோ அனுப்பிவிட்டேன். அவளும் திருப்பிச் சொன்னாள். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. குடைக்குள் பெரிய கிளாக்கர் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொழுந்து எடுக்கும் கைகள் எல்லாம் நின்றுவிட்டன. ஓடைச் சத்தம் மட்டும்தான்.

அப்போது எதிர்மலையிலிருந்து, நான் அனுப்பாமலே, "டின்" என்று வந்தது. பிறகு, "யூட்."

முந்தக் கூடாது என்று சட்டம் போட்டவள், அன்று ஒரு நாள் முந்தினாள்.

"அவ்வளவுதானே கிளாக்கரே?"

"ஆமாங்க" என்றேன். கேட்டிருக்குமோ என்னவோ. அவள் உள்ளே போகத் திரும்பினாள். வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை. எங்கிருந்து எனக்குக் குரல் வந்ததோ, மலை கேட்டால் கேட்கட்டும் என்று, அன்று முதல்முறையாக நான் கேட்டேன்.

"தவமணி, சாப்டாச்சா?"

நின்றாள். திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது.

"நீங்க மொதல்ல சாப்புடுங்க. மழ வருது."

சொல்லி முடிப்பதற்குள் பனி ஏறி எதிர்மலையை மூடிவிட்டது. மறுநாள் ஒரு ஆண் குரல் துண்டுகளைத் திருப்பிச் சொன்னது. சரியாகத்தான் சொன்னது, குறையொன்றும் இல்லை. ரோடு திறந்த ஞாயிறு சுற்றிக்கொண்டு நடந்து போனேன். லயத்தில் அந்த அறையில் வேறு குடும்பம் குடியேறிக்கொண்டிருந்தது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம், பனியன் கம்பெனிக்கு என்று சொன்னார்கள். திருப்பூரில் எங்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை. நான் கொண்டுபோன வர்க்கியை அங்கிருந்த பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு நானும் ஊட்டிக்குத் திரும்பி, முறுக்கெல்லாம் அடங்கி, அத்தா கடையில்தான் உட்கார்ந்தேன். கல்யாணம் ஆனது. மனைவி நல்ல மனுஷி. கடையிலிருந்து போன் செய்தாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "சாப்டீங்களா?" என்பதுதான். அதனால் அந்தக் கேள்வியை நான் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. இப்போது யோசித்தால், அந்தச் சுருள் வயர் போனை அவள் வாங்கி வைத்ததே அதைக் கேட்பதற்காகத்தானோ என்னவோ.

போன வருஷம் கூடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். நான் நின்ற பாறைக்குப் பின்னால் செல்போன் டவர் நிற்கிறது. பேக்டரி இல்லை, தகரத்தையெல்லாம் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தில் காட்டேஜ்கள். தங்க வந்த பிள்ளைகள் பாறையில் ஏறித் தங்கள் பெயரையே கத்தி, எதிரொலியைச் செல்லில் பிடித்தார்கள். பள்ளம் பழைய அகலத்தில்தான் இருக்கிறது. திருப்பிச் சொல்லத்தான் அந்தப் பக்கம் ஆளில்லை.

நேற்றைய சண்டையைப் பாதியில் விட்டுவிட்டேன், பாருங்கள். இயந்திரம் சலித்துப்போய் என்னை ஒரு நிஜப் பெண்ணிடம் தள்ளிவிட்டது. கோயமுத்தூர்க் குரல். சொல்லுங்க சார் என்றாள். "டிஸ்" என்றேன், வாய் மறுபடியும் நின்றுவிட்டது. "டிஸ்கனெக்ஷனுங்களா சார்?" என்று அவளே முடித்தாள். நான் போனைப் பார்த்தேன். வேண்டாங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள், எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி. இல்லை என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வெயில் இறங்கிவிட்டது. மதியம் நான் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.